ஏர் ரைஃபிளும் நான் அடித்த சைட்டும்

துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் மெரினா பீச்சில் பலூன் சுட்டதோடு சரி. அதிலும் பத்துக்கு மூணு பலூன் உடைந்தால் அன்றைக்கு நான்தான் ஹீரோ. அப்படிப்பட்ட ஆளை, புனேவுக்கு வந்து பதினோரு வருஷம் கழித்து, ரைஃபிள் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என் பெண். பன்னிரண்டு வயசு. ஸ்கூலில் ஒரு நாள் சுடச் சொல்லியிருக்கிறார்கள், கை ஆடாமல் நிற்கிறாள் என்று கோச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் பட்ஜெட் கூட்டத்தொடர் ஆரம்பம்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் இருக்கும் என் பழைய ஆபீஸ் நண்பன், வார விடுமுறையில் கடைக்குப் போய் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளும் அதற்கு ஒரு ரெட் டாட் சைட்டும் வாங்கினதாக போட்டோ அனுப்புவான். இங்கே அந்தக் கதையே கிடையாது. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைப் பொதுவாகத் தடை செய்யப்பட்ட வகையில்தான் வைத்திருக்கின்றன. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சியும். நம்மைப் போன்ற சம்பளக்காரனுக்கு லைசென்ஸ் இல்லாமல் கிடைப்பது .177 ஏர் ரைஃபிள். அதுவும் குண்டு வெளியே வரும் சக்தி 20 ஜூலுக்குள் இருக்க வேண்டும். பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிக்கு சுமார் ஏழரை ஜூலே தாராளம்.

இனி என் முட்டாள்தனம். கடைக்காரர் ஒரு ஸ்ப்ரிங் ரைஃபிளைக் காட்டினார். மேலே பளபளவென்று ஒரு டெலஸ்கோப். "சார், ஸ்கோப்போட காம்போ ஆஃபர்." சினிமாவில் பார்த்தது மாதிரியே இருந்தது, வாங்கிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்காரியிடம் பாதி விலைதான் சொன்னேன் என்பது உபரித் தகவல்.

மறுநாள் கோச் பார்த்தார். ரிடையர்டு ராணுவக்காரர். சிரிக்கக்கூட இல்லை. போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது என்றார். போட்டியை விடுங்கள், அந்த ஸ்கோப் தூரத்து இலக்குக்காகச் செய்தது. பத்து மீட்டரில் டார்கெட் ஒரே மங்கல். ஸ்ப்ரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப் அந்த உதையைத் தாங்காது. மூன்றே வாரத்தில் உள்ளே இருந்த கோடு கழன்று சாய்ந்துவிட்டது. ஆக, நான் அடித்த சைட் காலேஜ் காலத்தைப் போலவே தோல்வி :-)

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. குண்டே நாலரை மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர்தான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் எழுபது சென்டிமீட்டர் என்று வையுங்கள். இரண்டும் ஒரு நேர்கோட்டில் வராமல் 0.1 மில்லிமீட்டர் பிசகினால், டார்கெட்டில் குண்டு கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பாதி வளையத்துக்கும் மேலே காலி. அதாவது ஒரு முடியின் கனம் பிசகினால் மார்க் போச்சு.

அதனால்தான் என் கருத்து இது: காசு கம்மியாக இருந்தால் துப்பாக்கியில் குறையுங்கள், சைட்டில் குறைக்காதீர்கள்.

போட்டியில் பயன்படுத்துவது பீப் சைட். பின்னால் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, முன்னால் குழாய்க்குள் ஒரு வளையம், அதற்குள் டார்கெட்டின் கருப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். எல்லாம் ஒரே மையத்தில் வருகிறதா என்பதைக் கண் தானாகவே சரிபார்த்துவிடும். நல்ல பீப் சைட்டில் திருகைத் திருப்பினால் ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஒரே அளவு நகரும். மட்டமானதில் இடது பக்கம் நாலு க்ளிக் போய் வலது பக்கம் நாலு க்ளிக் வந்தால் பழைய இடத்துக்கு வராது. குழந்தை தன் கை தப்பென்று நினைத்துக்கொண்டு அழும். தப்பு திருகில் இருக்கும்.

இதில் இன்னொரு லாபம். இந்த சைட்டுகள் உட்காரும் தண்டவாளம் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர்தான். இன்றைக்கு க்ளப் துப்பாக்கியில் மாட்டியதை நாளைக்கு சொந்தத் துப்பாக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். முன் சைட்டின் உயரம் மட்டும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முன் வளையத்தையும் ரொம்பச் சின்னதாகப் போடாதீர்கள். கருப்பைச் சுற்றி நன்றாக வெள்ளை தெரியணும். வளையம் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் பூதாகாரமாகத் தெரிந்து கை இன்னும் நடுங்கும்.

அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினது எல்லோருக்கும் தெரியும். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனையாகச் சுட்டபோது குண்டு பத்தை விட்டு வெகுதூரம் போனதையும், சைட் மாறிக் கிடந்ததையும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் பதறாமல் திருகைத் திருப்பிச் சரி செய்து, கடைசிக் குண்டை 10.8 அடித்தார். அந்த மனுஷனுக்கே சைட் கண்டம் வந்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

சரி, துப்பாக்கி? வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ் எல்லாம் ஜெர்மன் சரக்கு. புதுசு இரண்டு லட்சத்துக்கு மேல். ரேஞ்சில் மற்ற பெற்றோர்கள், "அது இல்லாட்டி குழந்தை பின்தங்கிடும்" என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் ஆறு மாதம் க்ளப் துப்பாக்கியே போதும். நிற்பது, மூச்சு, ட்ரிக்கரை அழுத்துவது, குண்டு போன பிறகும் அசையாமல் இருப்பது எல்லாவற்றையும் ஸ்ப்ரிங் துப்பாக்கியிலும் கற்கலாம். உதைக்கிற துப்பாக்கி தப்பை மன்னிக்காது, அதுவும் ஒரு வாத்தியார்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சி சொல்வது நியாயம். கட்டை குழந்தையின் உடம்புக்குப் பொருந்தணும். கன்னம் வைக்கும் பலகையும் தோள்தட்டும் நகர்த்த முடியாத துப்பாக்கியில் கழுத்தை வளைத்துச் சுட்டுப் பழகினால் அந்தப் பழக்கம் போகவே போகாது. போட்டியில் ஐந்தரை கிலோ வரை அனுமதி உண்டு என்பதற்காகப் பன்னிரண்டு வயசுப் பெண்ணின் கையில் அவ்வளவு கனம் கொடுக்கவும் வேண்டாம்.

ஆறு மாதத்துக்கப்புறம் ஆர்வம் நிலைத்தால் செகண்ட் ஹேண்ட் பாருங்கள். படிப்புக்காக விட்டுவிட்ட பிள்ளைகளின் துப்பாக்கி ஊரெல்லாம் கிடக்கிறது. ஆனால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பத்து வருஷம்தான் ஆயுள். 200 பார் அழுத்தம், விளையாட்டில்லை. காலாவதி சிலிண்டரோடு மலிவாக வந்தால் புது சிலிண்டர் விலையையும் கூட்டிப் பாருங்கள். குண்டுச் செலவையும் மறக்காதீர்கள். நாளைக்கு நூறு, மாதம் இருபது நாள் என்றால் இரண்டாயிரம் குண்டு. ஐந்நூறு போட்ட டப்பா நாலு.

பட்ஜெட் என்று நான் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. அந்த ஸ்கோப் உடைந்த அன்றைக்கு ராத்திரி பெண் கேட்டாள்: "அப்பா, நீங்க இவ்ளோ செலவு பண்றீங்களே, நான் ஜெயிக்கலேன்னா?" எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்தாயிரத்துச் சொச்சத்துக்கே இந்தக் கேள்வி. மூணு லட்சம் போட்டிருந்தால் அவள் கையில் துப்பாக்கியோடு சேர்த்து அதையும் அல்லவா தூக்கிக்கொண்டு நிற்பாள்? அந்த பாரத்துக்கு ஐந்தரை கிலோ என்ற வரம்பெல்லாம் கிடையாது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். அவர் போட்டோவைப் பெண் தன் மேஜையில் ஒட்டியிருக்கிறாள். வெளியூரில் வளரும் தமிழ்ப் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? இப்போதைக்கு அவளிடம் இருப்பது க்ளப் துப்பாக்கியும், பாதி விலைக்கு வாங்கிய ஒரு பழைய பீப் சைட்டும். க்ளிக் சுத்தமாக விழுகிறது. போன வாரம் எண்பது குண்டு சுட்டுவிட்டு, எத்தனை மார்க் என்றே சொல்லாமல், "அப்பா, பசிக்குது" என்று வந்தாள்.

ஸ்கோப்பின் முழு விலையை வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அவள் படித்தால் தெரிந்துவிடும். அதற்குள் நல்ல செகண்ட் ஹேண்ட் சிலிண்டர், தேதி பாக்கி இருப்பது, எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.