தணலில் சுட்ட தக்காளி

ஆலுவாவிலும் மட்டாஞ்சேரியிலும் வாத்துருத்தியிலும் வாடகை அறைகளில் குடியிருக்கிற நம்மவர்களின் வீடுகளில், மாதத்தின் கடைசி வாரம் கடினமானது. ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தை அனுப்பிய பின்பு கையில் மிஞ்சுவது கொஞ்சமே. அதிலும் ஓர் அறையில் நால்வராகத் தங்கியிருக்கும் வாலிபத் தம்பிமார் ஓட்டல் பரோட்டாவுக்கு இரவுதோறும் கொடுக்கும் காசைக் கூட்டிப் பார்த்தால் மனம் வேதனைப்படும். அரைக்கிலோ தக்காளியும் ஒரு அடுப்பும் இருந்தால் அந்த நாட்களைத் தாண்டிவிடலாம்.

மெக்சிகோ நாட்டார் தக்காளியையும் மிளகாயையும் நெருப்பில் சுட்டு, கல்லுரலில் நசுக்கி, சல்சா என்ற பெயரில் உண்கிறார்கள். சாஸ் என்பதே அந்த ஸ்பானியச் சொல்லின் பொருள். 16ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த பெர்னார்டினோ டி சகாகூன் என்னும் துறவி, சந்தையில் இவ்வகைச் சாறுகள் விற்கப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். இந்த இரண்டு காய்களும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. போர்ச்சுகீசியர் 1500ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்ததோ மிளகைத் தேடி. நம்மைப்போலவே வெளியூரிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவை என்று இவற்றைச் சொல்லலாம்.

இதற்கு நாட்டுத் தக்காளியைவிடக் கெட்டியான பெங்களூர் தக்காளி ஏற்றது. அதில் நீர் குறைவு. அரைக்கிலோ தக்காளி, பத்து சின்ன வெங்காயம், தோலுரிக்காத பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய் நான்கு, உப்பு ஆகியவை போதும். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல் தக்காளியை முழுதாக அடுக்குங்கள். திருப்பித் திருப்பிச் சுட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தோல் ஆங்காங்கே கருகி, உள்ளே குழைந்துவிடும். மிளகாயைக் கீறிவிட்டே போடவேண்டும். கீறாவிட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிளகாய்ப் புகை சிறு அறையில் குழந்தைகளை மூச்சுத் திணறச் செய்யும்.

சுடுவதனால் என்ன நேரிடுகிறது? நீர் வற்றுகிறது, இனிப்புத் திரள்கிறது, கருகிய இடத்தில் புகைமணம் பிறக்கிறது. வதக்கிய தக்காளியில் இந்த மணம் ஒருபோதும் வராது.

சுட்டவற்றைப் பாத்திரத்தில் இட்டு மூடிப் பத்து நிமிடம் வைத்தால் தோல் தானே கழன்றுவிடும். கருகலில் கொஞ்சத்தை விட்டுவையுங்கள். முற்றிலும் நீக்கினால் நெருப்பில் சுட்ட பயன் போயிற்று. அம்மியில் முதலாவது உப்பு, பூண்டு, மிளகாய், அடுத்து வெங்காயம், கடைசியில்தான் தக்காளி. அம்மி இல்லாதவர்கள் மிக்சியில் இரண்டு முறை சுற்றி நிறுத்திவிடுங்கள். ஓடவிட்டால் காற்றுப் புகுந்து வெளிறிய நுரையாகிவிடும்.

மெக்சிகோவில் எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லித் தழையும் சேர்ப்பார்கள். நம்முடைய மலையாள அயலார் சம்மந்தி என்று சொல்லி, காந்தாரி மிளகாய் வைத்து அரைத்து, பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விடுவார்கள். என் நாவுக்கு இதுவே மேலானது. தக்காளியின் சிவப்புச் சத்தாகிய லைக்கோபீன், சூடேறி எண்ணெயோடு சேரும்போது உடலில் நன்றாக ஏறும் என்பதும் உண்மை. கஞ்சிக்கும், வேகவைத்த கப்பைக்கும், ஆறிய இட்லிக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் கேட்கும் பாட்டில் சாஸில் சர்க்கரை எவ்வளவு என்பதை அதன் சீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

தக்காளி விலை நிலையற்றது. 2023ஆம் ஆண்டு ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வரத்து மிகுந்த காலத்திலோ, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிக்குப் பறிகூலிகூடத் தேறாது. மலிவான வாரத்தில் கூடுதலாக வாங்கிச் சுடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் அன்றன்றே தீர்த்துவிடவேண்டும். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். ஆகையால் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவோ சிவப்பேறிப்போகும். எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது.