இருசக்கரத்துக்கு மட்டும் ஒரு சட்டமா?

சாலையோரத்தில் தடுப்பு வேலி. நடுச் சாலையில் லத்தியோடு நான்கைந்து காவலர்கள். வேலைக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர், பால் கேன் கட்டிய வண்டிக்காரர் என இருசக்கர வாகனங்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்படுகின்றன. அதே நேரத்தில், சீட் பெல்ட் போடாதவர் ஓட்டும் கார் எந்தத் தடையும் இன்றிக் கடந்து போகிறது. தமிழகத்தில் நாம் பார்த்துப் பழகிவிட்ட காட்சி இது. பழகிவிட்டதாலேயே இது நியாயமாகிவிடுமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தலைக்கவசச் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை முதல் தமிழகத்தில் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது, இந்த உயிர்களைக் காக்கத்தான்.

தமிழகத்தில் ஓடும் வாகனங்களில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்களே. ஆகவே சோதனையில் அவையே அதிகம் சிக்கும் என்று காவல்துறை சொல்லலாம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அதே 2022 அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அந்த உயிர்களும் உயிர்கள்தானே? அதிவேகமும் குடிபோதையும் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே உரியவையா? இருசக்கர வாகனங்கள் அதிகம் நிறுத்தப்படுவது வேறு; அவை மட்டுமே நிறுத்தப்படுவது வேறு. முன்னது எண்ணிக்கையின் விளைவு. பின்னது பாரபட்சம்.

ஏன் இப்படி நடக்கிறது? இருசக்கர வாகனத்தை நிறுத்துவது எளிது. கையை நீட்டி மறிக்கலாம், சாவியைப் பிடுங்கலாம். காருக்குள் இருப்பவர் யாரோ, யாரைத் தெரிந்தவரோ என்ற தயக்கம் இங்கே இல்லை. தமிழகத்தில் தலைக்கவசம் இல்லாததற்கான அபராதம் 2022 அக்டோபரில் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு நாள் பெட்ரோல் செலவு. கூலி வேலைக்குச் செல்பவருக்கோ அன்றைய அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில்தான்.

இந்த மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடி அருகே கண்டோம். தலைக்கவசச் சோதனையின்போது கணவனும் மனைவியும் சென்ற வண்டியை ஒரு காவல் ஆய்வாளர் துரத்திச் சென்றார்; அவர் எட்டி உதைத்ததில் வண்டி கவிழ்ந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மனைவி உயிரிழந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் நெடுஞ்சாலையில் திரண்டனர். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். தலைக்கவசம் அணியாததற்கு முதல் முறை அபராதம் அன்று 100 ரூபாய். உயிரைக் காக்க வந்த சட்டத்தின் பெயரால் ஓர் உயிர் போயிற்று.

இந்தக் கேள்வி பிற நாடுகளிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மோட்டார் சைக்கிள்களை மட்டும் நிறுத்திச் சோதிக்கும் முறையை அங்குள்ள காவல்துறை கடைப்பிடித்தது. அதை எதிர்த்து வாகன ஓட்டிகள் சிலர் நீதிமன்றம் சென்றனர், 2011-இல் தோற்றனர், 2012-இல் மேல்முறையீட்டிலும் தோற்றனர். எனினும் வாகன ஓட்டிகளின் அமைப்புகள் சோர்ந்துவிடவில்லை. சோதனை வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே சோதனை வேண்டும் என்றே மக்கள் பிரதிநிதிகளிடம் தொடர்ந்து முறையிட்டனர். 2012-இல் கலிபோர்னியா மாநிலம் இத்தகைய சோதனைகளுக்குத் தடை விதித்தது. 2015 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், இவற்றுக்கு மத்திய அரசின் நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அமைதியான, விடாப்பிடியான கோரிக்கைக்குப் பலன் உண்டு.

நம் விசுவாசம் இதில் என்ன சொல்கிறது? சாலைப் பயணம் குறித்து 2007-ஆம் ஆண்டு வத்திக்கான் ஒரு வழிகாட்டி ஏட்டையே வெளியிட்டது. வாகன ஓட்டிகளுக்கான பத்துக் கட்டளைகள் அதில் இடம்பெற்றன. கொலை செய்யாதே என்பதே அவற்றில் முதலாவது. சாலை மனிதரை ஒன்றுசேர்க்கும் இடமாக இருக்க வேண்டும் என்பது அடுத்தது. புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கை தந்து, ஏழையை ஓரமாக நிற்கச் சொல்லும் சபையைக் கடிந்துகொள்கிறார். நம் சாலைகளில் யார் ஓரமாக நிற்கிறார், யார் தடையின்றிப் போகிறார் என்று பார்த்தால் அந்தக் கடிந்துரை இன்றும் பொருந்தும்.

காவலர்கள் நம் எதிரிகள் அல்லர். நம் பங்குகளிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் காக்கி உடையை அணிந்திருக்கிறார்கள். வெயிலிலும் புகையிலும் மணிக்கணக்கில் நிற்பவர்கள் அவர்கள். திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், பொய்க் குற்றம் சுமத்த வேண்டாம், கிடைக்கும் ஊதியத்தில் நிறைவு கொள்ளுங்கள் என்றே அறிவுறுத்தினார் (லூக்கா 3:14).

ஆகவே நாம் கேட்பது நியாயமான சிலவற்றைத்தான். சோதனை நடக்கும் இடத்தில் எல்லா வாகனங்களும் ஒரே அளவுகோலில் சோதிக்கப்படட்டும். நிற்காத வண்டியைத் துரத்த வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு அறிவிப்பு அனுப்பலாமே. வளைவிலும் இருட்டிலும் திடீரெனக் குறுக்கே பாய வேண்டாம். அபராதம் ஒவ்வொன்றுக்கும் ரசீது தரப்படட்டும்.

கேட்பவர்களின் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் அபராதத்தை இருநூறில் பேசி முடிப்பவருக்கு நேர்மையைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை. ஞாயிறு திருப்பலிக்கு வரும் குடும்பத்தில் ஓட்டுபவர் தலையில் கவசம் இருக்கிறது. பின்னால் அமர்ந்திருக்கும் மனைவிக்கும் முன்னால் நிற்கும் குழந்தைக்கும் இருக்கிறதா? இதை அன்பியக் கூட்டங்களில் பேசலாம். இளையோர் இயக்கத்தினர் தங்கள் கோரிக்கையை மனுவாக எழுதி, மாவட்ட ஆட்சியரிடம் மக்கள் குறைதீர் நாளில் நேரில் அளிக்கலாம்.

ஏழைக்கு ஒன்று, செல்வந்தருக்கு ஒன்று என்று நடக்கும் சட்டத்துக்கு மக்கள் பயப்படுவார்கள், மதிக்க மாட்டார்கள். பயத்தில் அணிந்த கவசம் சோதனைச் சாவடி தாண்டியதும் கைப்பிடியில் தொங்கும். எல்லாருக்கும் பொதுவான சட்டத்தை மதித்து அணிந்த கவசமோ வீடு வந்து சேரும்வரை தலையில் இருக்கும். வாகனத்தைப் பார்த்து அல்ல, அதில் வரும் மனிதரின் உயிரைப் பார்த்துச் சட்டம் கை நீட்டும் நாளுக்காகச் செபிப்போம், அதற்காக உழைப்போம்.