நன்றியறியும் பழக்கம்

செய்ந்நன்றியறிதல் என்னும் தொடரை நாம் இளமை தொட்டு ஓதி வருகின்றோம். வள்ளுவர் பெருமான் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார். ஆயினும், அத்தொடரிலுள்ள 'நன்றி' என்பது வாயாற் சொல்லும் உபசார மொழியன்று, பிறர் நமக்குச் செய்த நன்மையே என்பதை நம்மிற் பலர் கருதுவதில்லை. பண்டை வழக்கில் நன்றி என்பது செய்யப்படுவது. பெற்றவன் அதனை அறிவான், மறவான். 'நன்றி' என்று சொல்லி நகர்தல் பிற்காலத்தே பரவிய வழக்கு. அதனை யாம் இகழவில்லை. ஆனால் நாளொன்றுக்கு இருபது முறை அச்சொல்லை வழங்கியும், நன்மை செய்தவர் இன்னார் என்று அறியாதிருத்தல் கூடுமன்றோ? அதுவே எமது கவலை.

எமது விடுதியையே எடுத்துக்கொள்வோம். உண்ணுமுன் ஜெபம் செய்கின்றோம்; 'ஆமென்' என்ற ஒலி அடங்குமுன் சாம்பாரைப் பற்றிய குறை எழுந்துவிடுகின்றது. அச்சாம்பாருக்காக வைகறையில் அடுப்பு மூட்டினவர் பெயர், ஈராண்டு அவர் கையால் உண்டவர்க்கும் தெரியாது. தந்தையொத்த அம்முதியவரைச் 'சோறு!' என்னும் ஒரு சொல்லாலேயே விளிப்பாரும் உளர். ஆதலின் பெயரறிதலே யாம் முதற்கண் விரும்பும் பழக்கம். பெயரை அறிந்தால் 'அண்ணாச்சி' என்னும் முறைச்சொல்லும் தானே நாவில் வரும். ஜெபத்தினிடையே அப்பெயரை ஒருமுறை நினைத்தலால் உணவு ஆறிவிடாது.

நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ இல்லங்களிற் பிடியரிசி என்றொரு வழக்கமுண்டு. உலையிலிடும் அரிசியினின்றும் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்திற் சேர்த்து, பின்னர்த் திருச்சபைக்குக் காணிக்கையாக்குவர். ஒரு பிடி குறைவதால் எவரும் பசித்திருப்பதில்லை. ஆயினும் 'இவ்வரிசி நமக்குக் கிடைத்தது' என்னும் நினைவு நாள்தோறும் கைக்குப் பழகிவிடுகின்றது. திருநாளிற் பெருந்தொகை இடுவதினும் இஃது அரிதென்பது எம் துணிபு. பழக்கம் வெறுஞ் சடங்காய் முடியும் என்பாரும் உளர். மெய்தான், சில நாட்களில் நினைவின்றியே கை அரிசியை எடுத்திருக்கும். ஆயினும் கலம் நிறைந்தே வந்தது. மாணவர்க்கு உலையேது எனின், மேசையிற் சிந்திய பருக்கைகளைத் தாமே திரட்டி எடுத்தல் நமது பிடியரிசியாகலாம்; துடைக்கும் கைகளுக்கு அத்துணை வேலை குறையும்.

தமிழ் பயில்வார்க்கு இத்துறையில் நல்லாசான் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1887-இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணியை ஆராயத் தம்மைத் தூண்டியவர் சேலம் இராமசுவாமி முதலியார் என்பதைத் தம் முதுமையிலும் மறவாது எழுதினார். ஏடு உதவினோர் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரையிற் குறித்தார். 1876-இல் மறைந்த தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை, அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1933-34-இல் இரு பாகங்களாக வெளியிட்டார். நாம் சரித்திரம் எழுத வேண்டுவதில்லை. இரவல் பெற்ற குறிப்பேட்டைப் படியெடுக்குங்கால் முதற்பக்கத்தில் உதவினவர் பெயரை எழுத அரைநிமிடம் போதும்.

இம்மலரில் ஆண்டுதோறும் விடுதிக் குழுப்படம் வெளிவருகின்றது. அமர்ந்தோர், நின்றோர் என மாணவர் பெயரெல்லாம் அதன்கீழ் அச்சாகின்றன. ஓரத்தில் நிற்கும் சமையற்காரர் நால்வருக்கும் 'பணியாளர்' என்னும் ஒரு சொல்லே கிடைக்கின்றது. அடுத்த மலரில் அவர்தம் பெயர்களையும் வரிசைப்படி அச்சிடுமாறு பத்திராசிரியரை வேண்டுகின்றோம். பெயர்ப்பட்டியல் எம்மிடம் ஆயத்தமாய் உள்ளது.