பெயர் எழுதாத டப்பா

கோப்பிக் கடையில் பேச்சு தோல் வியாதிப் பக்கம் திரும்பினால் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். ஒரு கட்சி, "சின்சே கொடுத்த களிம்பைப் போட்டேன், மூன்றே நாளில் போய்விட்டது" என்று முழங்கையைத் தூக்கிக் காட்டும். இன்னொரு கட்சி, "சீன மருந்தெல்லாம் ஏமாற்று" என்று அடித்துச் சொல்லும். அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் என்பதால் இரண்டு கட்சியும் கடைசியில் என் முகத்தைப் பார்க்கும். நான் எந்தக் கட்சியும் இல்லை. என்னுடைய கேள்வி ஒன்றுதான்: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் மருந்து ஒன்று ஜப்பானில் இருக்கிறது. ஷியுன்கோ என்று பெயர். நல்ல ஊதா நிறம். 1617ல் சீனாவில் சென் ஷிகோங் என்ற அறுவை வைத்தியர் எழுதிய நூலில் இருந்த ஒரு களிம்பை எடுத்து, ஹனஓகா செய்ஷூ என்ற ஜப்பானிய வைத்தியர் திருத்தி அமைத்தது. இந்த ஹனஓகா சாதாரண ஆள் இல்லை. 1804ல், நம் ஊர் ஊமத்தை இனத்துச் செடி சேர்ந்த கஷாயத்தைக் கொடுத்து, நோயாளியை முழுவதும் மயக்கி மார்புப் புற்றுக்கு அறுவை செய்தவர். பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டியது அதற்கு 42 வருடம் கழித்துத்தான்.

அந்தக் களிம்பில் என்ன இருக்கிறது? நல்லெண்ணெய், தேன்மெழுகு, டாங் குய் இனத்து வேர், ஊதாச் சாயம் இறங்கும் இன்னொரு வேர், கொஞ்சம் பன்றிக் கொழுப்பு. அவ்வளவுதான். எண்ணெயைக் காய்ச்சி வேர்களின் சாரத்தை இறக்கி, வடிகட்டி ஆறவைப்பார்கள். சூடு மிஞ்சினால் ஊதா நிறம் கெட்டுவிடும். தீப்புண், வெடிப்பு, மூலம், வறண்ட தோல் என்று இதற்குத்தான் போடலாம் என்று வரையறை உண்டு. ஜப்பானிய அரசின் காப்புறுதித் திட்டத்தில் பட்டியல் போட்டிருக்கும் ஏறக்குறைய 150 பாரம்பரிய மருந்துகளில் மேலே பூசுவது இது ஒன்றுதான். பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது தெரிந்தால்தானே விலகவும் முடியும்?

ஆகவே பாரம்பரியம் என்றாலே பொய் என்று சொல்லுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சீன வைத்தியத்தின் மேல்பூச்சு முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. நீர் வடியும் புண்ணுக்குக் கஷாயத்தில் நனைத்த துணியை வைப்பார்கள். காய்ந்து வெடித்த இடத்துக்குத்தான் எண்ணெய்க் களிம்பு. இன்றைய தோல் டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லுகிறார். அரிப்புக்கு நாம் பூசும் ரோஸ் நிறக் காலமைன் இருக்கிறதே, துத்தநாகம் உள்ள அந்தக் கல்லைச் சீனர்களும் நெடுங்காலமாகப் பொடித்துப் புண்ணுக்குப் போட்டிருக்கிறார்கள். சொறி சிரங்குக்குக் கந்தகம் அவர்களிடமும் உண்டு, நம் சித்த வைத்தியத்திலும் உண்டு, கிளினிக்கிலும் கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய ஹுவாங் லியன் வேரில் இருக்கும் மஞ்சள் சத்துதான் நம் மரமஞ்சளிலும் இருக்கிறது.

அதே பாரம்பரியத்தில் பாதரசமும் உண்டு, ஆர்சனிக் கலந்த கல்லும் உண்டு. பழையது என்பதாலேயே ஒன்று பத்திரமாகிவிடாது. அதைவிடப் பெரிய ஆபத்து, பாரம்பரியத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் புதிய சரக்கு.

1999ல் லண்டன் டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தோல் நோய்க்குச் சீன மூலிகை என்று நோயாளிகள் வாங்கிவந்த 11 கிரீம்களைச் சோதனைக்கு அனுப்பினார்கள். எட்டில் டெக்ஸாமெதசோன் இருந்தது. அது மூலிகை இல்லை, தொழிற்சாலையில் செய்யும் ஸ்டீராய்டு. அதுவும் முகத்துக்கோ குழந்தைகளுக்கோ பூசக்கூடாத அளவில் இருந்தது.

மூன்றே நாளில் மறைந்தது என்று கோப்பிக் கடையில் கேட்கும்போது என் காது கூர்மையாவது இதனால்தான். ஸ்டீராய்டு பூசினால் கரப்பான் உடனே அடங்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம் போல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். படர்தாமரைக்குப் பூசினால் அரிப்பு மட்டும் அடங்கி, பூஞ்சை உள்ளே தாராளமாகப் பரவும்.

"டாக்டரும் ஸ்டீராய்டுதானே கொடுக்கிறார்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. டாக்டர் கொடுக்கும் டியூபில் பெயரும் அளவும் இருக்கும். எந்த இடத்தில், எத்தனை நாள் என்று சொல்லுவார். கெடுதல் வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கலாம். பெயர் எழுதாத டப்பாவில் இது எதுவும் கிடையாது. மறைத்து வைத்ததைத்தான் நான் குறை சொல்லுகிறேன், மூலிகையை இல்லை.

பெரியவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்லுகிறேன். பேரப்பிள்ளைக்கு உடம்பில் அரிப்பு என்றால் மகளும் மருமகளும் முதலில் கேட்பது நம்மைத்தான். பசார் மாலாமில் வாங்கியதையோ, வாட்ஸ்அப்பில் யாரோ விற்பதையோ எடுத்து நீட்டாதீர்கள். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், மினுங்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண்ணின் கடைசியில் டி எழுத்து வரும். சுகாதார அமைச்சின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். நமக்கு வராவிட்டால் பேரப்பிள்ளைக்கு வரும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒன்று கூடுதலாக. பாதத்தில் புண் வந்தால் சீனக் களிம்பும் வேண்டாம், நாட்டு எண்ணெயும் வேண்டாம், பக்கத்து வீட்டு யோசனையும் வேண்டாம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். வலி தெரியாத கால் பொறுமையாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் புண் காத்திருக்காது.

சின்சேயிடம் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். களிம்பைக் கையில் வாங்கும்போது, "இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்? எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல சின்சே சந்தோஷமாக எழுதித் தருவார். முகம் சுளிப்பவரிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.