பௌத்தத்துக்குள் ஒரு ளகரம்

இந்த வாரம் வந்த கோபம் பழைய கோபம்தான். ஔகாரத்தைப் பற்றி நான் எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு அது தெரியும். அலுவிகாரை என்ற பௌத்த விகாரை பற்றிய தமிழ்க் கையேடு ஒன்றின் கோப்பு பிழை திருத்த வந்தது. ‘பௌத்தம்’ என்று தேடினேன்; ஓரிடத்திலும் இல்லை. பௌத்தத்தைப் பற்றிய கையேட்டிலேயே! தட்டெழுதியவர் எல்லா இடத்திலும் ‘பெ’ போட்டுப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டிருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அது ‘பெளத்தம்’.

கட்டளைத் திரையில் ‘செட்’டை எடுத்தேன். 1973-74இல் பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மேன் எழுதிய நிரல். கோப்பை வரி வரியாக வாசித்து, சொன்னதை மாற்றிக்கொண்டே போகும். கட்டளை இதுதான்: எஸ், சாய்கோடு, பிழை, சாய்கோடு, திருத்தம், சாய்கோடு, ஜி. கடைசி ஜியை விட்டால் வரிக்கு ஒன்றைத்தான் திருத்தும். ‘பெள’ எல்லாம் நொடியில் ‘பௌ’ ஆயின. அதே வேகத்தில் ‘வெளவால்’ பிழைக்காக ‘வெள’ எல்லாவற்றையும் ‘வௌ’ ஆக்கச் சொன்னேன். வௌவால் திருந்தியது, வெள்ளமும் வெளிச்சமும் சிதைந்தன. நல்ல வேளை, செட் வழக்கமாக விடையைத் தனியாகத்தான் தரும், மூலம் அப்படியே இருந்தது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று விதியை இறுக்கிய பிறகே சரிவந்தது.

அன்று பின்னேரம் அலுவிகாரைக்கே போனேன். வாய்மொழியாக இருந்த பௌத்த மறையான திரிபிடகத்தை, பஞ்சமும் போரும் விழுங்கிவிடும் என்று அஞ்சி, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் ஓலையில் எழுதிய இடம் என்பது மரபு. அங்கிருந்த நூலகம் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. இன்றும் ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். இடக்கைப் பெருவிரலில் எழுத்தாணியை அணைத்துக் கீறுகிறார்கள். கீறும்போது சரியாகத் தெரியாது. கரி குழைத்த எண்ணெயைத் தடவித் துடைத்த பிறகுதான் எழுத்து கறுத்து எழும்பும். பிழையும் அப்போதுதான் தெரியும், அழிக்க வழியில்லை.

நம் ஏடுகளில் புள்ளியும் இல்லை; காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். அப்படிப்பட்ட ஏடுகளை வைத்துத்தான் உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். சொற்கள் பிடிபடாதபோது பௌத்தத்தையே படித்துக்கொண்டு வந்தார். அடுத்த எழுத்தைப் பார்ப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை.

அலுவிகாரையில் பேத்தியின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: கௌரி. ஓலையில் எழுதுகிறவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. வடிவத்தைப் பார்த்துப் பார்த்துக் கீறினார். கொம்பு, ககரம், பிறகு அந்த மூன்றாவது துண்டு. கரியைத் துடைத்ததும் அதன்மேல் விரலை வைத்தார்.

“மாத்தயா, இது என்ன எழுத்து?”

“தனி எழுத்து இல்லை. முன்னுக்கு இருக்கிறதோட சேர்ந்தது.”

ஓலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப கிட்ட எழுதியிருக்க வேணும்” என்று சொல்லி, இன்னோர் ஓலையை எடுத்தார்.