தூங்கும் குழந்தைக்கு ஊசி எதற்கு?

இங்கிலாந்தில் 5 வயது முதல் 9 வயது வரை உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முதல் காரணம் எது தெரியுமா? சொத்தைப் பல்! 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டின் கணக்கு இது.

ஒரே தடவையில் நாலைந்து பற்களைப் பிடுங்க வேண்டும் என்றால், சின்னக் குழந்தை அசையாமல் உட்காருமா? அதனால் முழு மயக்கம் கொடுக்கிறார்கள். முன்பு பல் டாக்டரின் அறையிலேயே கொடுத்து வந்தார்கள். 2001-ம் ஆண்டு முடிவோடு அது நின்றது. இப்போது ஆஸ்பத்திரியில் மட்டும்தான்.

மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு வலி தெரியாது. அப்படி இருந்தும், பல டாக்டர்கள் ஈறில் மரத்துப்போகும் ஊசியும் போடுகிறார்கள். ஏன்? மயக்கம் தெளிந்த பிறகு வலிக்கக்கூடாது என்றுதான். மருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால் ரத்தக் கசிவும் குறையும்.

ஆனால், கண் விழிக்கும் குழந்தைக்கு உதடு தடித்துவிட்டதுபோல் இருக்கும். மிரண்டு அழும். மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக் கொள்வதும் உண்டு. வலியைத் தடுக்கப் போட்ட ஊசியே அழ வைக்கிறது!

ஊசி தேவையா, இல்லையா? 2014-ம் ஆண்டில் 14 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உறுதியான முடிவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஆராய்ச்சியும் ஒவ்வொரு விதமாக நடந்திருந்தது. அழுகிற குழந்தை வலியால் அழுகிறதா, பயத்தால் அழுகிறதா என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமா?

ஊசி போட்டிருந்தால், உணர்ச்சி திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதுவரை குழந்தை உதட்டைக் கடிக்காமல் தாய்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டார்களா என்று அவர் டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.