ஏரி யாருக்கு உரியது?

தெருவிளக்கின் ஒளியில் ஒருவர் நடந்து செல்வதால் அடுத்தவருக்கு ஒளி குறைவதில்லை; வரி செலுத்தாதவரை அவ்வொளியிலிருந்து விலக்கி வைக்கவும் இயலாது. இத்தகையவற்றைப் பொருளியலார் பொதுப்பண்டங்கள் என்பர். ஏரிநீரின் இயல்பு வேறு. அதனைப் பயன்கொள்வோரை விலக்குதல் அரிது. ஆயினும், தலைமடையில் ஒருவர் மிகுதியாக எடுத்தால் கடைமடை வறண்டுபோகும். இது பொதுவளம் எனப்படும்.

பொதுவளத்திற்கு அழிவு உறுதி என்று கருதுவோர் உண்டு. கட்டற்ற மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் ஆதாயம் கருதி மேலும் ஒரு மாட்டைச் சேர்க்க, இறுதியில் நிலமே பாழாகும் என 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். தனியுடைமையோ அரசின் கட்டுப்பாடோ இன்றி வளம் நிலைக்காது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் நாடுகளின் பாசன அமைப்புகளையும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் இதனை மறுத்தார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, கண்காணித்து, மீறுவோரைத் தண்டித்த இடங்களில் பொதுவளம் நெடுங்காலம் நிலைத்ததை அவர் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே.

தமிழகத்திற்கு இவ்வுண்மை புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் உறுப்பினரின் பதவிக்காலம் ஓராண்டே. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரத் தகுதியற்றவர். எனினும், அவ்வாரியத்தில் நிலமுடையோர்க்கே இடமிருந்தது. அக்குறையை நீக்கி, அதன் ஒழுங்கை இக்காலம் ஏற்றல் வேண்டும்.

ஊரார் கூடித் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்ட குடிமராமத்துப் பழக்கம் காலப்போக்கில் தளர்ந்தது. ஆழ்துளைக் கிணறு அமைக்க வசதி பெற்றவர்க்கு ஏரியை நம்பவேண்டிய தேவை குறைகிறது. அதனைப் பேணும் அக்கறையும் உடன் குறைகிறது. ஏரி மேடிட்டால் நிலத்தடிக்கு நீர் இறங்குவதும் குறையும். நாளடைவில் அக்கிணறும் பொய்க்கும். ஆனால், அதற்கு முன்பே ஏரியை மட்டும் நம்பிய சிறு உழவரின் நிலம் தரிசாகிவிடும்.

ஏரியைக் காக்க அரசின் நிதி தேவை. அது மட்டும் போதாது. தூர்வாரிய பின்னர் நீரை யார், எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதை முடிவுசெய்யும் ஊரமைப்பும் வேண்டும். அதில் கடைமடை உழவர்க்கும் நிலமற்ற தொழிலாளர்க்கும் பெண்களுக்கும் சம உரிமை இருத்தல் வேண்டும். கிணறு உடையவரும் பராமரிப்பில் தம் பங்கைச் செலுத்துதல் முறையாகும். நீரில் உரிமை கோருவோர் அனைவரும் கரையைக் காக்கும் கடமையையும் ஏற்கும்போதே ஏரி ஊருக்கு உரியதாகும்.